ஒரே பந்தி, ஒரே சோறு

மானாவாரிச் சீமையில் ஒரு மனுஷனை எடைபோடப் பெரிய கேள்வி எதுவும் கேட்பதில்லை. வாசலுக்கு வந்தவனைச் சாப்பிடச் சொன்னானா, இல்லையா? அவ்வளவுதான். அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, திருச்சுழி, நரிக்குடி தாண்டி வீரசோழனில் இறங்குகிறவருக்கு இந்தக் கேள்வியின் நியாயம் வழிநெடுகத் தெரியும். குண்டாற்றிலும் கிருதுமால் நதியிலும் தண்ணீர் ஓடும் நாளைவிட மணல் தெரியும் நாளே அதிகம். கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் பருத்தி, மிளகாய், குதிரைவாலி. அதுவும் கைவிட்டால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சமும், அப்போது திறந்த கஞ்சித் தொட்டிகளும் தலைமுறைகள் கடந்தும் பேச்சில் அடிபட்ட பூமி இது.

இப்படிப்பட்ட ஊரில் சினிமா நடிகருக்கும் அதே தராசுதான். சண்டைக்காட்சிக்கு விசில் அடித்தார்கள், பாட்டுக்கு ஆடினார்கள், அதெல்லாம் கொட்டகையோடு சரி. வெளியே வந்தபின் நிலைத்தது சோறு போட்ட கதைகள். அந்தக் கதைகளில் இரண்டு பேருக்குத் தனி இடம். ஒருவர் 1977ல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று வென்று முதலமைச்சரான எம்.ஜி.ஆர். இன்னொருவர் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து ராமானுஜபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட விஜயகாந்த். வாத்தியார் ஒருவர், கேப்டன் ஒருவர். அவர்கள் காலத்தில் ‘உதவி’ என்று எதைச் சொன்னோம், இன்றைக்கு எதைச் சொல்கிறோம் என்று பார்த்தால், மாற்றம் நடிகர்களிடத்தில் மட்டும் நடந்ததல்ல என்பது விளங்கும்.

வாத்தியார் காலம்

கும்பகோணத்தில் சிறுவயதைப் பசியோடு கழித்தவர் எம்.ஜி.ஆர். கையில் காசு வந்ததும் அவர் செய்தவை ஊரறிந்தவை. 1962ல் சீனா போர் வந்தபோது பாதுகாப்பு நிதிக்கு 75,000 ரூபாய் தந்தார். சென்னை ரிக்‌ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தார். 1967 ஜனவரியில் குண்டடிபட்டுக் குரல் சிதைந்த மனிதர், தன் ராமாவரம் தோட்டத்தில் காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளுக்கு இடம் இருக்கும்படி உயில் எழுதி வைத்தார்.

ஆனால் வீரசோழன் போன்ற ஊருக்கு மழைக்கோட்டும் உயிலும் சென்னைச் சேதி. இங்கே வந்து சேர்ந்தது சத்துணவு. காமராஜர் 1956ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கி, 1982 ஜூலை 1ல் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கி வைத்தார். காமராஜர் விருதுநகர்க்காரர். எம்.ஜி.ஆரைச் சட்டசபைக்கு அனுப்பி முதலமைச்சர் நாற்காலியில் உட்காரவைத்தது அருப்புக்கோட்டை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளையின் தட்டில் விழுந்த சோற்றுக்கும் இந்த வறண்ட மாவட்டத்துக்கும் உள்ள உறவு அப்படி.

அந்தத் தட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மஞ்சப்பையில் சிலேட்டோடு சேர்ந்து வந்த அலுமினியத் தட்டு. நடக்கும்போதெல்லாம் சிலேட்டில் மோதிச் சத்தம் போடும். பன்னிரண்டு மணிக்குச் சத்துணவுக்கூடத்தில் புகை வந்துவிட்டால் பாடத்தில் யாருக்கும் புத்தி நிற்காது. மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காருவார்கள். மேலத்தெருப் பிள்ளை, கீழத்தெருப் பிள்ளை, பள்ளிவாசல் தெருப் பிள்ளை எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே சாம்பார். டீக்கடையில் சிலருக்குத் தனிக் கிளாஸ் தொங்கிய ஊர்கள் இந்தத் தென்மாவட்டங்களில் நிறைய இருந்த காலம் அது. பெரியவர்கள் சேர்ந்து உட்காராத வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். உட்கார மறுத்த வீடுகளும் இருந்தன. ஆனாலும் வரிசை தொடங்கிவிட்டது.

ராஜாபாதர் தெருச் சோறு

விஜயகாந்தின் கதையும் அரிசியில்தான் தொடங்குகிறது. 1952 ஆகஸ்ட் 25ல் பிறந்தவர், இயற்பெயர் விஜயராஜ். அப்பா அழகர்சாமிக்கு மதுரையில் அரிசி ஆலை. அங்கே வேலை பார்த்த பையன் சினிமா ஆசையில் சென்னைக்குப் போனார். 1979ல் ‘இனிக்கும் இளமை’ முதல் படம். 1981ல் ‘சட்டம் ஒரு இருட்டறை’ தூக்கிவிட்டது. கறுத்த நிறத்தைக் காட்டி ஒதுக்கிய வாசல்களைத் தாண்டித்தான் அந்த இடத்துக்கு வந்தார். கரிசல்காட்டுப் பையன்களுக்குப் பிடித்துப்போன முதல் காரணமே அதுதான். திரையில் தெரிந்த முகம் தங்கள் அண்ணன் முகம் மாதிரி இருந்தது.

மதுரை நண்பர் இப்ராகிம் ராவுத்தர் அவருடைய படங்களைத் தயாரித்தார். 1990ல் ‘புலன் விசாரணை’, 1991ல் ‘கேப்டன் பிரபாகரன்’. இரண்டாவது படம் அவருக்கு நூறாவது படம். ‘கேப்டன்’ பட்டமும் அதோடு ஒட்டிக்கொண்டது. பின்னாளில் நண்பர்கள் பிரிந்தார்கள், ராவுத்தர் 2015ல் காலமானார். ஆனால் இஸ்லாமியர் மிகுந்து வாழும் வீரசோழன் போன்ற ஊரில் அந்த நட்பைப் பற்றிச் சொல்ல இன்றைக்கும் ஆள் இருக்கிறது.

சென்னை தி.நகர் ராஜாபாதர் தெருவில் இருந்த அவர்களது அலுவலகத்தைப் பற்றித் திரையுலகில் சொல்லாதவர் குறைவு. வாய்ப்புத் தேடி அலைந்த துணை நடிகர், உதவி இயக்குநர், ஊரிலிருந்து ஓடிவந்த பையன், யாராக இருந்தாலும் மதியம் அங்கே போனால் சோறு உண்டு. என்ன விஷயமாக வந்தாய் என்ற கேள்வி சாப்பிட்ட பிறகுதான். அந்தக் காலத்தில் கோடம்பாக்கத்தில் பட்டினி கிடந்த பலர் பின்னாளில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் பேட்டிகளில் அந்த இலை திரும்பத் திரும்ப வரும்.

அதைவிடப் பெரிய காரியம் படப்பிடிப்புத் தளத்தில் நடந்தது. யூனிட் சாப்பாட்டில் அந்நாளில் பல தரம் உண்டு. நாயகனுக்கு வீட்டு கேரியர் அல்லது ஓட்டல் சாப்பாடு. இயக்குநர், கேமராமேனுக்கு அடுத்த தரம். லைட்மேனுக்கும் துணை நடிகருக்கும் பொட்டலம். யார் எந்தத் தட்டில் சாப்பிடுகிறார் என்பதை வைத்தே அவருடைய மதிப்பைச் சொல்லிவிடலாம். விஜயகாந்த் தன் படங்களில் அந்தத் தட்டைக் கலைத்தார். நாயகனுக்குக் கோழி, ஆடு என்றால் லைட்மேனுக்கும் அதே கோழி, அதே ஆடு. தானும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

இதைத் தர்மம் என்று சொல்வது சரியில்லை. லைட்மேன் உழைத்துச் சம்பாதிப்பவர், பிச்சைக்கு வந்தவர் இல்லை. அவருக்குக் கிடைத்தது இலவசச் சோறு என்பதைவிட, பக்கத்து இலை. நடிகர் விஜயகாந்த் பின்பற்றத் தக்கவர் என்றால் அது இந்த ஒரு காரியத்துக்காகத்தான் என்பேன். கொடுத்த தொகையைக் கூட்டிப் பார்த்தால் அவரைவிட அதிகம் கொடுத்தவர்கள் இருப்பார்கள். உட்கார்ந்த வரிசைக்குக் கணக்கு இல்லை.

அதே மனசு மற்ற இடங்களிலும் வெளிப்பட்டது. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து 1986ல் ‘ஊமை விழிகள்’ எடுத்தபோது, முன்னணி நடிகராக இருந்தும் அந்தப் புதியவர்களை நம்பி நடித்தார். நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது 2002ல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நட்சத்திரக் கலைவிழா நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தார். தனியொருவர் செக் எழுதி முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் எல்லா நடிகர்களையும் மேடையேற்றி உழைக்கவைத்து அடைத்தார். சங்கம் யாருக்கும் கடன்படாமல் நிமிர்ந்தது.

மன்றத்துப் பந்தி

சென்னையில் நடந்த இந்தக் காரியங்கள் கிராமத்துக்கு எப்படி வந்தன? ரசிகர் மன்றம் வழியாக. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கிராமத்து முக்கில் கையால் எழுதிய மன்றப் போர்டு இல்லாத ஊர் அபூர்வம். ஆகஸ்ட் 25ஐ ரசிகர்கள் ‘வறுமை ஒழிப்பு தினம்’ என்று கொண்டாடினார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் காரியம் எளிமையானது: அன்னதானம், நோட்டுப் புத்தகம், வேட்டி சேலை, எங்காவது தையல் மிஷின்.

மன்றத்துப் பையன்கள் பெரும்பாலும் கூலிக்குப் போகிறவர்கள், டெய்லர் கடையில் காஜா எடுக்கிறவர்கள், பரமக்குடிக்கும் அருப்புக்கோட்டைக்கும் வேலைக்குப் போய் வருகிறவர்கள். கையில் காசு கிடையாது. நோட்டீஸ் அடித்துக் கடை கடையாக வசூல். வீட்டுக்கு ஒரு படி அரிசி. சந்தைக் கடைக்காரரிடம் காய்கறி. “அண்ணே, கேப்டன் பிறந்த நாள்ணே, ஏதாச்சும் செய்யுங்கண்ணே” என்று நின்றால், “எம்.ஜி.ஆரு ஆளுகிட்ட வந்து கேக்குறியேடா” என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். பெரிய தேக்சா பள்ளிவாசலில் கேட்டால் கிடைக்கும். நோன்புக் காலத்தில் கஞ்சி காய்ச்சி, தூக்குவாளியோடு வரும் எல்லாருக்கும் ஊற்றிப் பழகிய ஏனம் அது. விறகுக்குக் கருவேலை. சமைக்கக் கல்யாணச் சமையல் தெரிந்த ஒரு மாமா.

பந்தி போடுவது ஒரு கல்வி. எத்தனை படி அரிசிக்கு எத்தனை பேர், முதல் பந்தியில் யாரை உட்காரவைப்பது, கடைசிப் பந்திக்குக் குழம்பு பற்றாமல் போனால் என்ன செய்வது, இதையெல்லாம் இருபது வயசுப் பையன் ஒரே நாளில் கற்றுக்கொள்வான். எல்லா ஊர் மன்றப் பந்தியும் எல்லாத் தெருவையும் சேர்த்து உட்காரவைத்தது என்று சொன்னால் பொய். ஆனால் நடிகர் எப்படி உட்கார்ந்தார் என்ற கதையை வைத்துக்கொண்டு தகராறு பண்ண ஒரு பையனுக்கு உரிமை கிடைத்தது. “கேப்டனே லைட்மேனோட உக்காந்து சாப்பிடுறாரு, நீ என்னடா பெரிய இது?” இந்த வாக்கியத்துக்கு அந்நாளில் கனம் இருந்தது.

கட்சியும் கேலியும்

2005 செப்டம்பர் 14ல் மதுரையில் தே.மு.தி.க. பிறந்தது. மன்றங்கள் கிளைக் கழகங்கள் ஆயின. 2006ல் விருத்தாசலத்தில் அவர் மட்டும் வென்றார். 2011ல் தன்னோடு சேர்த்து 29 பேராகச் சட்டசபைக்குள் போய் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். ரசிகர்களுக்கு அது பெருமை. அன்னதானத்துக்கு அது சோதனை. நேற்றுவரை எல்லாரிடமும் அரிசி வாங்கிய பையனைப் பார்த்து, “இது எந்தக் கட்சிச் சோறு?” என்று கேட்கத் தொடங்கினார்கள். இலையில் ஓட்டு வாசனை வந்துவிட்டால் மாற்றுக் கட்சிக்காரர் உட்கார மாட்டார். மன்றம் கட்சியானதில் ஊர் இழந்தது அந்தப் பொதுப் பந்தியை.

பிறகு உடம்பு படுத்தியது. பேச்சு குழறியது. பொது இடத்தில் கோபப்பட்ட காட்சிகள் பரவின. அவருடைய ஒவ்வொரு தடுமாற்றத்தையும் மீம் ஆக்கி ஒரு தலைமுறை சிரித்தது. 2016ல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் போனது. கூட்டம் கலைந்தது.

அந்த நிலையிலும் ஒரு காரியம் செய்தார். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்கவிடாமல் ஜனங்கள் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள். தொற்றைவிட அச்சம் வேகமாகப் பரவிய நாட்கள். அப்போது விஜயகாந்த், அம்மா அப்பா பெயரில் மாமண்டூரில் நடத்திவந்த ஆண்டாள் அழகர் பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஒரு பகுதியைக் கொரோனாவால் இறப்பவர்களைப் புதைக்க எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். உயிரோடு இருப்பவனுக்குச் சோறு போடுவது ஒன்று. செத்தவனை யாரும் தொடாத நாளில் அவனுக்கு ஆறடி இடம் தருகிறேன் என்பது வேறொன்று. படப்பிடிப்பில் லைட்மேனுக்குப் போட்ட பக்கத்து இலையின் தொடர்ச்சியாகவே இதைப் பார்க்க வேண்டும்.

2023 டிசம்பர் 28ல் இறந்தார். மறுநாள் சென்னை தீவுத்திடலில் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்கள், இதே ஆளையா இத்தனை வருஷம் கேலி பண்ணினோம் என்று திகைத்தார்கள். அதே செல்போன், அதே விரல்கள். மீம் போட்டவர்களே கண்ணீர் அஞ்சலி போட்டார்கள். அடுத்த மாதம் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. 2024ல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தில் கிராமத்துக் கிரிக்கெட் வீரர் ஒருவர் அவருடைய ரசிகராக வந்ததும் கொட்டகை ஆர்ப்பரித்தது. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் அவருடைய மகன் விஜய பிரபாகரன் விருதுநகர்த் தொகுதியில் 4,379 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அருப்புக்கோட்டை அந்தத் தொகுதிக்குள் இருக்கிறது. வீரசோழன் இருக்கும் திருச்சுழியோ ராமநாதபுரம் தொகுதியில் சேர்ந்தது. கேப்டன் மேல் அன்பு வைத்த வீரசோழன்காரர் அந்த ஓட்டைப் போட்டிருக்க முடியாது. அன்புக்கும் ஓட்டுக்கும் எல்லைக்கோடு வேறுவேறு.

கோயம்பேட்டில் அவரைப் புதைத்த இடத்தில் இப்போது நாள்தோறும் அன்னதானம் நடக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்த வெளியூர்க்காரர், கூலிக்காரர் என்று வரிசை நிற்கிறது.

இன்று: டப்பாவும் கேமராவும்

கிராமத்துக்கு வருவோம். சோற்றுப் பசி அன்று இருந்த அளவுக்கு இன்று இல்லை. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்துவிட்டது. அலுமினியத் தட்டைச் சுமந்த பிள்ளையின் பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் காலையிலேயே உப்புமாவோ பொங்கலோ சாப்பிடுகிறது. நடிகர் செய்ததை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. நல்ல மாற்றம் என்றால் இதுதான்.

ஆனால் பிறந்தநாள் அன்னதானத்தின் உருவம் மாறிவிட்டது. கையால் எழுதிய போர்டு போய் ஃபிளெக்ஸ் வந்தது. இலை போய் பிரியாணி டப்பா வந்தது. டப்பா வசதிதான், மிச்சம் ஆகாது, எச்சில் இலை எடுக்க ஆள் வேண்டாம். ஆனால் டப்பாவுக்குப் பந்தி கிடையாது. வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற பழைய வம்பே இல்லை. வம்பு இல்லாததால் மாற்றமும் இல்லை.

கூடவே கேமரா. ரோட்டோரப் பாட்டிக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி, அவர் கண் கலங்கும்வரை படம் பிடித்து, பின்னணி இசை போட்டுப் பதிவேற்றுகிறார்கள். கொடுப்பவரில் நல்ல மனசுக்காரர் இருக்கலாம். பணமும் பாட்டிக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் மறுநாள் அந்தப் பாட்டி சந்தைக்குப் போனால், “உங்கள போன்ல பாத்தேன் ஆத்தா” என்று பத்துப் பேர் சொல்வார்கள். மானத்தோடு மிளகாய் வற்றல் விற்றுவந்த மனுஷி ஒரே நாளில் ஊருக்கே இரக்கப்பொருள் ஆகிவிடுகிறார். ராஜாபாதர் தெருவில் சாப்பிட்டவர்களின் முகம் எந்தக் கேமராவிலும் இல்லை. அவர்களாகச் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

எல்லாம் கெட்டுவிட்டது என்று புலம்பத் தேவையில்லை. இன்றைய தேவைக்கு ஏற்ற வேறொரு வழியும் வந்திருக்கிறது. வீரசோழன் பக்கத்துப் பையனுக்கு இன்று முட்டுக்கட்டை மதியச் சோறு இல்லை, பிளஸ் டூ முடித்தபின் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும். நடிகர் சிவகுமாரின் கல்வி அறக்கட்டளை பல ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பரிசு தந்துவந்தது. மகன் சூர்யா 2006ல் அகரம் அறக்கட்டளையைத் தொடங்கி, 2010 முதல் ‘விதை’ திட்டம் வழியாக, அரசுப் பள்ளியில் படித்து முதல் தலைமுறையாகக் கல்லூரி போகும் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். அங்கே நடிகரின் கையிலிருந்து நேராகப் பணம் வருவதில்லை. விண்ணப்பம், வீடு தேடி வரும் தன்னார்வலர், தேர்வு, கல்லூரிக் காலம் முழுக்கத் தொடரும் வழிகாட்டல் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. படித்து முடித்தவர்கள் திரும்ப வந்து தன்னார்வலர் ஆகிறார்கள். மன்றம் செய்த வேலையை இன்று வேறு உருவில் செய்வது இதுதான்.

உலகத்திலும் இதே பாதைதான். 1954ல் நடிகர் டேனி கே யூனிசெஃபின் முதல் நல்லெண்ணத் தூதர் ஆனார். 1988ல் ஆட்ரி ஹெப்பர்ன் அதே பொறுப்பேற்று, பஞ்சத்தில் இருந்த எத்தியோப்பியாவுக்குப் போனார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நெதர்லாந்தில் சிறுமியாகப் பட்டினி கிடந்தவர் அவர். கும்பகோணத்துப் பையனும் நெதர்லாந்துச் சிறுமியும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள். பசி தெரிந்தவர்கள் புகழ் வந்தபின் அதை மறக்காதிருந்தார்கள்.

கணக்கைப் பார்த்தால் இன்றைக்கு வரவு அதிகம்: அரசுத் திட்டம் வந்தது, கல்விக்கு அமைப்பு வந்தது, பசி குறைந்தது. போனது ஒன்றே ஒன்று, பந்தி. அதைத் திரும்பக் கொண்டுவர எந்த நடிகரும் வர வேண்டியதில்லை. அடுத்த ஆகஸ்ட் 25லோ, எம்.ஜி.ஆர். பிறந்த ஜனவரி 17லோ, உங்கள் ஊரில் உங்களுக்குப் பிடித்த எவருடைய பிறந்தநாளிலோ, ஃபிளெக்ஸ் காசை மிச்சம் பிடித்து இலை வாங்குங்கள். எல்லாத் தெருவிலும் போய் அழைப்புச் சொல்லுங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பரிமாறிவிட்டு ஒதுங்கி நிற்காமல், கடைசிப் பந்தியில் யாரும் உட்காரத் தயங்குகிற இடத்தில் நீங்களும் ஓர் இலை போட்டு உட்காருங்கள்.